குற்றவியல் பட்டமும் குடும்பக் கணக்கும்



பிள்ளைகள் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதி முடித்ததும் நம் தோட்டத்து வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "அடுத்து என்ன படிப்பது?" அதன் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வருகிறது: "பணத்துக்கு எங்கே போவது?" முதல் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பெற்றோர் மனத்துக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போய், ஆறாம் படிவம் முடித்த ஒரு மாணவியின் கதையிலிருந்து தொடங்குகிறோம். அவளுடைய தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் அதே தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறார். அந்தப் பெண் ஒருநாள் எங்களிடம் வந்து, "சார், நான் சிங்கப்பூர்ல குற்றவியல் படிக்கணும்னு இருக்கேன்" என்றாள்.

நேயர்களில் சிலருக்குக் குற்றவியல் என்ற சொல் புதிதாக இருக்கலாம். சட்டப் படிப்பு வேறு, இது வேறு. குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனை என்று சட்டம் கேட்கிறது. குற்றம் ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் தடுப்பது எப்படி, பாதிக்கப்பட்டவரைத் தேற்றுவது எப்படி என்று குற்றவியல் கேட்கிறது. 1885-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுச் சட்ட அறிஞர் கரோஃபாலோ இந்தப் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். அதன் பிறகு இந்தத் துறை உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டிலேயே சாகர் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு துறை தொடங்கப்பட்டது. இன்று சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன.

இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த ஆசை வந்தது? அவள் அண்ணன் பதினாறு வயதில் பள்ளியை விட்டு நின்றவன். கெட்ட சேர்க்கையில் விழுந்து, இரண்டு முறை போலீஸ் காவலில் இருந்துவிட்டு வந்தான். "அண்ணனும் நானும் ஒரே வீட்லதான் வளர்ந்தோம். அவன் ஏன் அப்படிப் போனான்னு யாரும் கேக்கல சார். எல்லாரும் திட்டத்தான் செஞ்சாங்க" என்றாள். இதைக் கேட்ட பிறகு, "இந்தப் படிப்பால் என்ன பயன்?" என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. நம் தோட்டங்களுக்கும், தோட்டங்களை விட்டு வெளியேறி நகர ஓரங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இப்படிப்பட்ட படிப்புப் படித்தவர்கள் தேவைதான்.

ஆனால் படிப்பு நல்லது என்பது ஒன்று. அதை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பது வேறொன்று. தந்தையார் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "சேமநிதியில இருக்கிறத எடுத்துடுறேன் வாத்தியாரே, மிச்சத்துக்குக் கடன் வாங்கிக்கலாம்" என்றார். நேயர்களே, தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான் நமக்கு. ஓய்வு பெறும் நாளில் தலைக்கு மேலே கூரை வேண்டுமென்றால் அந்தச் சேமநிதிதான் கதி. ஆகவே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நேரில் போய் விசாரித்து வருவோம் என்று சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெற்றோரும் மகளும் நாங்களும் பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். மாணவியின் தாய்மாமன் சிங்கப்பூர்க் குடிமகன். அவர் எங்களுக்காகத் தேக்கா சந்தை அருகில் காத்திருந்தார். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சிராங்கூன் சாலை வழியே நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தெருவெங்கும் நிறைந்திருந்தார்கள். அவர்களில் பலர் இங்கே வேலைக்கு வருவதற்கே ஊரில் நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள். முதல் சம்பளம் கையில் விழுவதற்கு முன்பே அவர்கள் கடனாளிகள்.

மாமன் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் கைகாட்டி, "கலவரம் இங்கதான் நடந்துச்சு" என்றார். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, அந்தச் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஒரு தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இந்தியத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதையொட்டிச் சில நூறு பேர் கலவரத்தில் இறங்கினார்கள். வண்டிகள் எரிந்தன. கலகக்காரர்களைப் பிடித்துத் தண்டித்ததோடு சிங்கப்பூர் அரசு நிற்கவில்லை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. விபத்து, மீட்புப் பணியைக் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டது, மது ஆகியவை சேர்ந்து கலவரத்தை மூட்டின என்று அந்தக் குழு 2014-இல் அறிக்கை தந்தது. 2015-இல் இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடங்களில் மது அருந்தத் தடை வந்தது. "பாத்தீங்களா சார், 'ஏன்'னு கேக்கிறதுக்கும் ஆள் வேணும்" என்றாள் மாணவி. அவள் சொன்னது சரிதான்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தோம். மாமன் மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். அவளும் பல தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டு, குற்றவியல் பக்கம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரே வயது, ஒரே ஆசை கொண்ட இரு பெண்கள். ஆனால் ஒருத்தி சிங்கப்பூர்க் குடிமகள், மற்றவள் மலேசியக் குடிமகள். இந்த ஒரு வேறுபாடு கணக்கையே மாற்றிவிட்டது.

முதலில் கட்டணம். சிங்கப்பூரின் அரசு சார்ந்த பல்கலைக்கழகங்களில் குற்றவியல் பெரும்பாலும் சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றோடு சேர்ந்தே கற்பிக்கப்படுகிறது. சமூகவியல் போன்ற பாடங்களுக்கு அங்கே குடிமக்கள் ஆண்டுக்கு 8,000 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல் கட்டுகிறார்கள். அரசு மானியம் பெற்றாலும் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கட்ட வேண்டும். கணக்கு எளிதாக இருக்கக் குடிமக்களுக்கு 8,000 என்றும் நமக்கு 18,000 என்றும் வைத்துக்கொள்வோம்.

அடுத்தது கடன். அங்கே கல்விக் கட்டணக் கடன் திட்டம் ஒன்று உண்டு. படிக்கும் காலத்தில் அதற்கு வட்டி இல்லை. படித்து முடித்த பிறகுதான் வட்டி ஓடும். 20 ஆண்டு வரை தவணை கட்டலாம். "தொண்ணூறு விழுக்காடு கடன் கிடைக்கும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதில் தொண்ணூறு என்று கேட்க வேண்டும். குடிமக்கள் கட்டும் கட்டணத்தில்தான் தொண்ணூறு விழுக்காடு. அதாவது 8,000-இல் 7,200. மாமன் மகள் ஆண்டுக்கு 800 வெள்ளி கையிலிருந்து போட்டால் போதும். நம் மாணவி 18,000-இல் 7,200 போக 10,800 வெள்ளியைக் கையிலிருந்து போட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு 43,200 சிங்கப்பூர் வெள்ளி! ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் விற்கிறது. மூன்றென்றே வைத்தாலும் 129,600 ரிங்கிட். சாப்பாடும் தங்குமிடமும் இதில் சேரவில்லை. இதைக் கேட்டதும் தந்தையார் தட்டிலிருந்த சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது, கட்டுப்பாடு. அரசு மானியம் வாங்கும் வெளிநாட்டு மாணவர், படித்து முடித்து மூன்று ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்வதாகப் பிணையாளர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மீறினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டி வரும். "அங்கேயே வேலைன்னா நல்லதுதானே?" என்று தாயார் கேட்டார். நல்லதுதான், வேலை கிடைத்தால்.

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. குற்றவியல் படித்தவர் இயல்பாகப் போகும் இடங்கள் போலீஸ், சிறைத்துறை, போதைப்பொருள் தடுப்பு ஆகியவை. இந்தச் சீருடைப் பணிகளை எந்த நாடும் பெரும்பாலும் தன் குடிமக்களுக்கே வைத்திருக்கும். ஆகவே மாமன் மகளுக்குத் திறக்கும் கதவு நம் மாணவிக்குத் திறக்காது. துணைப்போலீஸ் நிறுவனங்களில் மலேசியர்கள் வேலை செய்வது உண்மை. ஆனால் அந்த வேலையில் சேரப் பட்டம் தேவையில்லை. தேவையில்லாத பட்டத்துக்கு ஒன்றரை இலட்சம் ரிங்கிட் செலவு எதற்கு?

மீதி இருப்பவை தனியார் வேலைகள். வங்கிகளில் மோசடி, கள்ளப்பணம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் பிரிவுகளும் பாதுகாப்பு நிறுவனங்களும் உண்டு. நல்ல வேலைகள்தாம். ஆனால் வெளிநாட்டவருக்கு அனுமதி வேண்டும். எம்பிளாய்மெண்ட் பாஸ் பெற 2025 சனவரி முதல் மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. வங்கித் துறையில் அதற்கும் மேல். அதற்கு அடுத்த நிலையான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி என்று வைத்தார்கள். எஸ் பாஸில் ஒரு நிறுவனம் இத்தனை பேரைத்தான் எடுக்கலாம் என்ற வரையறையும் உண்டு. இந்த வரம்புகள் அவ்வப்போது உயர்கின்றன. பதினெட்டு வயதில் சேரும் பிள்ளை பட்டம் பெறும்போது அவை எங்கே நிற்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, சம்பளம் எவ்வளவு? சிங்கப்பூரில் ஆண்டுதோறும் புதிய பட்டதாரிகளின் வேலை, சம்பளம் பற்றிக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். இது பாராட்டத்தக்க வழக்கம். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அரசு சார்ந்த பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. இடைநிலை என்றால் என்ன? பள்ளியில் பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவனின் உயரம். பாதிப் பேர் அவனைவிடக் குட்டை. அதுபோலப் பாதிப் பேரின் சம்பளம் 4,500-க்குக் கீழே. கணினி, சட்டம் படித்தவர்கள் மேல்பாதியில் அதிகம். கலை, மனிதவியல் படித்தவர்கள் கீழ்ப்பாதியில் அதிகம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே இந்த எண். வேலை கிடைக்காதவர்கள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை.

நடுவில் நிற்பவரின் 4,500 வெள்ளியைக்கூட 5,600-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிமகளுக்கு அந்த 4,500 நல்ல தொடக்கம். அதில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போனாலும் 3,600 கையில் நிற்கும். அந்தச் சேமநிதியும் அவள் பணம்தான். வெளிநாட்டுப் பெண்ணுக்கு அதே 4,500 வெள்ளி மேல்நிலை அனுமதிக்கே போதாது.

கடன் தவணையையும் போட்டுப் பார்த்தோம். நான்கு ஆண்டுக் கடன் 28,800 வெள்ளி. வட்டி 4.5 விழுக்காடு என்று வைத்தால், 10 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 300 வெள்ளி கட்ட வேண்டும். வட்டி மட்டும் 7,000 வெள்ளி ஆகும். 20 ஆண்டுக்கு நீட்டினால் மாதம் 182 வெள்ளிதான். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வட்டி 15,000 வெள்ளியை நெருங்கும். வாங்கிய கடனில் பாதிக்கும் மேல்! தவணை சிறுத்தால் வட்டி பெருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேலை கிடைக்காமலோ, வீட்டில் ஒருவர் நோயுற்றோ, அந்தப் பெண் ஊர் திரும்ப நேர்ந்தால் சம்பளம் ரிங்கிட்டில் வரும், கடன் சிங்கப்பூர் வெள்ளியிலேயே நிற்கும். மாதம் 300 வெள்ளி என்பது 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் பாதிக்கும் மேல் தவணைக்கே போய்விடும். மூன்று மடங்கு என்று நாம் கணக்குப் போட்டு மகிழ்வது சம்பளத்துக்குத்தான். கடனும் அதே மூன்று மடங்கு என்பதை மறந்துவிடுகிறோம்.

"தனியார் கல்வி நிலையத்தில் சேர்ந்தால் என்ன?" என்று மாணவி கேட்டாள். அவள் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. குற்றவியல் என்ற பெயரிலேயே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்று அதில் போட்டிருந்தது. அந்த இடத்துக்கும் போய் வந்தோம். அங்கிருந்தவர் நன்றாகப் பேசினார், குளிர்பானமும் கொடுத்தார். "படித்தவர்களில் எத்தனை பேருக்கு, எந்த வேலை, எவ்வளவு சம்பளத்தில் கிடைத்தது?" என்று கேட்டோம். "வாய்ப்பு ரொம்ப இருக்கு" என்பதே மூன்று முறையும் வந்த பதில். தனியார் நிலையங்களில் சேர்வோருக்கு அரசு மானியமும் இல்லை, மேலே சொன்ன கட்டணக் கடனும் இல்லை. வங்கிக் கடன்தான் வழி. 2023–24 கணக்கெடுப்பில், தனியார் நிலையங்களில் படித்து வேலை தேடியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஆறு மாதத்துக்குள் முழுநேர நிரந்தர வேலை பெற்றிருந்தார்கள். எல்லாத் தனியார் நிலையங்களும் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க எடுடிரஸ்ட் சான்று உள்ளதா, கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் உள்ளதா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள் என்கிறோம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாமன் மகள் தன் கணக்கைச் சொன்னாள். டிப்ளோமா முடித்ததும் போலீஸில் சேர முயலப்போகிறாளாம். பட்டம் இல்லாமலேயே சார்ஜண்ட் நிலையில் சேரலாம். பிறகு பகுதிநேரமாகப் பட்டம் படிக்கலாம். சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கும் வசதி உண்டு. முழுநேரம் படிக்க நேர்ந்தாலும், பீட்டி சாலையில் உள்ள சிண்டா சங்கத்தில் உதவிநிதிக்கு மனுப் போடலாம். 1991-இல் இந்தியச் சமூகத்துக்காகத் தொடங்கப்பட்ட சங்கம் அது. "இன்ஸ்பெக்டர் வேலைக்குக்கூட எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், குற்றவியல்தான்னு இல்ல" என்றாள். அந்தச் சொல் எங்கள் மாணவியை யோசிக்க வைத்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். போலீஸ் அதிகாரியாகக் குற்றவியல் பட்டம் கட்டாயமில்லை.

நேயர்களே, அன்று இரவு பாலத்தில் நெரிசலில் நின்றபோது தாயார் சொன்னதைக் கேளுங்கள். "படிக்க வேணாம்னு நான் சொல்லல வாத்தியாரே. இவ படிக்கணும். ஆனா எதுக்குக் கையெழுத்துப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும்." கையெழுத்துப் போடவே சிரமப்படும் அந்த அம்மா சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்ல எங்களால் முடியாது.

அந்தப் பெண் இப்போது நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போட்டிருக்கிறாள். சமூகவியல், சமூகப்பணி, உளவியல் என்று மூன்று பாடங்களைக் கேட்டிருக்கிறாள். அங்கே கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரிங்கிட்டுக்குள் அடங்கும். 1997-இல் தொடங்கப்பட்ட பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். முதல் வகுப்பில் தேறினால், சில நிபந்தனைகளோடு, திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்குக் கேட்கலாம். கடனும் ரிங்கிட்டில், சம்பளமும் ரிங்கிட்டில். பட்டம் பெற்று, இரண்டு ஆண்டு வேலை செய்து, கையில் பணம் சேர்ந்தபின் முதுகலையில் குற்றவியல் படிக்கலாம். அப்போது சென்னைக்கும் போகலாம், சிங்கப்பூருக்கும் போகலாம். தந்தையாரின் சேமநிதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அண்ணன் விஷயமாக அவள் கேட்ட கேள்வியும் அவளிடமே பத்திரமாக இருக்கிறது.

எல்லாருக்கும் இதுவே வழி என்று நாங்கள் சொல்லவில்லை. முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் சிங்கப்பூர்க் கதவைத் தாராளமாகத் தட்டுங்கள். எந்தப் பட்டமானாலும் இந்த ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி, பதிலையும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று: நினைக்கும் வேலைக்கு இந்தப் பட்டம் தேவைதானா?

இரண்டு: அந்த வேலை எந்த நாட்டுக் குடிமக்களுக்கு உரியது?

மூன்று: கடன் போக, கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?

நான்கு: கடனும் சம்பளமும் ஒரே நாட்டுப் பணமா?

ஐந்து: பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் ஓராண்டு போனால் தவணையை யார் கட்டுவது?

ஐந்தாவது கேள்விக்கு "அப்பா" என்பது பதிலானால், அப்பாவுக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேலை இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வெட்டிய குலையை எடை போடாமல் நாம் கொடுப்பதில்லை. பிள்ளையின் எதிர்காலத்தையும் எடை போட்டே கொடுப்போம். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் தாளோடு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட நாங்கள் காத்திருக்கிறோம்.